நார்கோலெப்ஸி: மாத்திரையை எப்போது போடுவது, நாளை எப்படி அமைப்பது

அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் தங்கைக்கு 21 வயது. பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள், தினமும் ரயிலில் போய்வருகிறாள். நார்கோலெப்ஸி (பகலில் அடக்கமுடியாமல் தூக்கம் வருகிற நோய்) என்று சொல்லி, காலையில் மொடாஃபினில் 200 மி.கி., அதோடு வென்லாஃபாக்ஸின் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். காலையில் நன்றாக இருக்கிறாள். மத்தியானம் 2 மணிக்கு மேல் வகுப்பிலேயே தூங்கிவிடுகிறாள். மாத்திரைக்கு அடிமையாகிவிடுவாளோ என்று அம்மா பயப்படுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிறுத்திப் பார்க்கலாமா? இந்த நோய் உள்ளவர்கள் மருந்தை வைத்துக்கொண்டு அன்றாடம் எப்படிச் சமாளிக்கிறார்கள்?"

நான் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் மருந்துக்கடை நடத்தும் பார்மசிஸ்ட். என் அக்கா மகனுக்கும் இதே நோய் என்பதால் கடையிலும் வீட்டிலும் இந்த மருந்துகளோடு பழகியிருக்கிறேன். மருந்தின் அளவை மாற்றுவது உங்கள் நரம்பியல் டாக்டரின் வேலை. அதைத் தவிர்த்து, மருந்தை வைத்து ஒரு நாளை எப்படி ஓட்டுவது என்பதைத்தான் எழுதப்போகிறேன். அதைச் சொல்லித்தர ஓ.பி.யில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

முதலில் உங்கள் அம்மாவுக்குச் சொல்லவேண்டியது. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் ஓரெக்ஸின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் கொஞ்சம் இருக்கின்றன. நாம் விழித்திருக்கும்போது அந்த விழிப்பு கலையாமல் நிற்பதற்கு அதுதான் காரணம். 1998-ல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். சிரிக்கும்போது உடம்பு துவண்டுபோகிற வகை நார்கோலெப்ஸியில் அந்த அணுக்களில் பெரும்பகுதி அழிந்துபோய்விடுகிறது. அழிந்தவை திரும்ப வளர்வதில்லை. 2,000 முதல் 4,000 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கலாம் என்பது கணக்கு. பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதில் தொடங்கும். அந்த வயதில் பிள்ளை உட்கார்ந்த இடத்தில் தூங்கினால் நம் ஊரில் என்ன பேர் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். சோம்பேறி என்பார்கள், மூதேவி பிடித்தவள் என்பார்கள். தூக்கத்தில் அசைய முடியாமல் நெஞ்சை அழுத்துவதுபோல இருக்கிறது என்று அவள் சொன்னால் அமுக்குவான் பேய் என்று மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். இப்படியே பல வருடம் கழிந்த பிறகு டாக்டரிடம் வருகிறவர்கள்தான் அதிகம். உங்கள் தங்கைக்கு 21 வயதிலேயே நோயின் பெயர் தெரிந்துவிட்டது. அதைப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

மொடாஃபினில் அந்த ஓரெக்ஸினைத் திருப்பிக் கொடுக்காது. நோயைக் குணப்படுத்தாது. சில மணி நேரத்துக்கு விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். தாமிரபரணிக் கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஊர்க்காரர் நீங்கள். தண்ணீர் வருகிற நேரம் தெரிந்து எந்த வயலுக்கு மடையைத் திருப்புவது என்று முடிவு செய்கிறவருக்குத்தான் பயிர் தேறும். மாத்திரையும் அப்படித்தான். எத்தனை மில்லிகிராம் என்பதைவிட எத்தனை மணிக்கு, அந்த மணி நேரங்களை எதற்கு என்பதில்தான் அன்றாடம் நிற்கிறது.

மொடாஃபினில் போட்டு 2 முதல் 4 மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சத்துக்கு வரும். சாப்பாட்டோடு போட்டால் அந்த உச்சம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், ஆனால் மொத்தத்தில் உடம்பில் சேர்கிற அளவு குறையாது. உச்சத்துக்குப் போன மருந்து பாதியாகக் குறைய 12 முதல் 15 மணி நேரம் பிடிக்கும். இந்த மூன்று கணக்கையும் மனதில் வைத்துக்கொண்டு உங்கள் தங்கையின் காலையைப் பாருங்கள். ரயிலைப் பிடிக்க அவள் விடியற்காலையிலேயே எழுந்திருப்பாள். எழுந்ததும் மாத்திரை போடுகிறாள் என்றால் மருந்தின் உச்சத்தில் பாதி ரயிலிலும் ஆட்டோவிலும் செலவாகிவிடுகிறது. வகுப்பு தொடங்கி மதியம் ஆவதற்குள் மருந்து இறங்குமுகமாகிவிடும். அதோடு சோறு சாப்பிட்டதும் வருகிற மந்தம் வேறு. மத்தியானம் 1 மணிக்கு மேல் உடம்பு தானாகவே கொஞ்சம் தளரும். இந்த நோய் இல்லாதவர்களுக்கே அது உண்டு. எல்லாம் ஒன்று சேர்கிற இடம்தான் உங்கள் 2 மணி.

இதற்கு இரண்டு வழியைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, மாத்திரையைத் தள்ளிப் போடுவது. வீட்டில் மாத்திரை இல்லாமலே தட்டுத்தடுமாறி ரயில் ஏறக்கூடியவள் என்றால், ஏறி உட்கார்ந்த பிறகு போட்டுக்கொண்டு கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வரை ஒரு தூக்கம் போடலாம். திருநெல்வேலி ஜங்ஷனோடு நின்றுவிடுகிற வண்டி என்றால் இறங்காமல் விட்டுவிடும் பயமும் இல்லை. கண் விழிக்கும்போது மருந்து ஏறத் தொடங்கியிருக்கும். கூட வருகிற தோழி ஒருத்திக்கு விஷயம் தெரிந்திருக்கவேண்டும், அது முக்கியம்.

இரண்டாவது வழி அதற்கு நேர் எதிர். எழுந்திருப்பதே பெரும்பாடு என்கிறவர்களுக்கு அதுதான் சரி. நார்கோலெப்ஸி உள்ளவர்களுக்குக் காலையில் கண் திறந்த பிறகும் வெகுநேரம் தலை தெளியாது. எழுப்புகிறவர் கத்த, எழுகிறவர் எரிந்துவிழ, வீட்டில் தினமும் ஒரு சண்டை நடக்கும். அதற்குப் பதில், எழவேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் அம்மா அவளை உட்காரவைத்து ஒரு டம்ளர் தண்ணீரோடு மாத்திரையைக் கொடுத்துவிட்டு மறுபடி படுக்க விடட்டும். படுத்த வாக்கில் விழுங்கக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்து எழுப்பினால் பெரும்பாலும் தானாகவே எழுந்துவிடுவாள். என் அக்கா வீட்டில் இதைத்தான் செய்கிறார்கள். காலைச் சண்டை நின்றதே அந்த வீட்டுக்குப் பெரிய நிம்மதி.

இரண்டாவது வழியில் போனால் மத்தியானத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அங்கேதான் டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வி வருகிறது: மொத்த அளவை இரண்டாகப் பிரிக்கலாமா? காலையில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று என்று பிரித்துக்கொடுப்பது வழக்கத்தில் உள்ள முறைதான். சாயந்திரம் சரிகிறவர்களுக்கு, ஒரே நேரத்தில் முழுதும் போடுவதைவிட அது நன்றாகவே உதவுகிறது. சிலருக்கு ஒரு நாளைக்கு 400 மி.கி. வரை டாக்டர்கள் எழுதுகிறார்கள். ஆனால் இரண்டாவது மாத்திரை 1 மணிக்குள், மிஞ்சிப்போனால் 2 மணிக்குள் உள்ளே போயிருக்கவேண்டும். 4 மணிக்குப் போட்டால் ராத்திரித் தூக்கம் கெடும். ராத்திரி கெட்டால் மறுநாள் எந்த மாத்திரையும் போதாது.

மாத்திரையைவிட நான் அதிகம் நம்புவதும், கல்லூரி நிர்வாகத்திடம் கேட்டு வாங்கச் சொல்வதும் ஒரு 20 நிமிடத் தூக்கத்தைத்தான். மதிய இடைவேளையில் பெண்கள் ஓய்வறையிலோ நூலகத்தின் மூலையிலோ 15 முதல் 20 நிமிடம், போனில் அதிர்வு அலாரம் வைத்துவிட்டுத் தூங்கட்டும். இந்த நோயில் சின்னத் தூக்கம் ஆச்சரியப்படும்படி தெளிவைக் கொடுக்கும். ஒரு மணி நேரம் தூங்கினால் மந்தமாகிவிடும். தூக்கம் வந்து தள்ளுவதற்கு முன்பே, தினமும் ஒரே நேரத்தில் தூங்கவேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கித் துறைத்தலைவரிடம் கொடுங்கள். நோயின் பெயர், பகலில் திட்டமிட்ட குறுந்தூக்கம் சிகிச்சையின் பகுதி, தேர்வின்போதும் இடைவேளை தேவைப்படலாம், இந்த மூன்றும் அதில் இருந்தால் போதும். வகுப்பில் தூங்கி வழிந்து திட்டு வாங்கிய பிறகு கொடுக்கிற கடிதத்துக்கும் முன்கூட்டியே கொடுக்கிற கடிதத்துக்கும் மரியாதை வேறு.

சாப்பாட்டையும் சேர்த்துப் பாருங்கள். டிபன் கேரியர் நிறையச் சோறும் சொதியும் கட்டிக்கொடுப்பது நம் வீட்டு அன்பு. ஆனால் மதியம் வயிறு நிறைந்தால் அவள் அங்கேயே சாய்வாள். மதியம் பாதி, சாயந்திரம் வீட்டுக்கு வந்து மீதி என்று பிரித்துக்கொடுங்கள். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு ஓடுகிற பிள்ளைகள்தான் தலைவலி என்று அதிகம் வருகிறார்கள். தலைவலிதான் மொடாஃபினிலில் எல்லாரும் சொல்கிற பக்கவிளைவு. பெரும்பாலும் முதல் சில வாரங்களில் குறைந்துவிடும். இந்த மருந்து பசியையும் கொஞ்சம் மறக்கடிக்கும். அதனால் பசிக்கவில்லை என்றாலும் இரண்டு இட்லியாவது சாப்பிட்டு, தண்ணீர் நன்றாகக் குடிக்கவேண்டும். காபியை மாத்திரைக்கு மேல் மாத்திரையாகக் குடித்தால் படபடப்புதான் மிஞ்சும். காலையில் ஒன்று போதும்.

சாயந்திரம் திரும்புகிற ரயில் வேறு கதை. மருந்து குறைந்திருக்கும், உடம்பு களைத்திருக்கும், ஜன்னல் காற்று அடிக்கும். செங்கோட்டை வண்டி அம்பாசமுத்திரத்தோடு நிற்பதில்லை. தூங்கிவிட்டால் கீழாம்பூர், ஆழ்வார்குறிச்சி தாண்டிப் பாவூர்சத்திரத்தில் கண் விழிப்பாள். வீரவநல்லூர் வருகிற நேரத்துக்கு அலாரம் வைக்கட்டும், அதோடு நீங்களும் அந்த நேரத்துக்கு ஒரு போன் போடுங்கள். சாயந்திரம் அவள் அந்த வண்டியில் தூங்குவதே நல்லது. படிப்பதற்கு அந்த நேரத்தை நம்பவேண்டாம். படிப்பு, கணக்கு, மனப்பாடம் எல்லாம் மருந்து நன்றாக நிற்கிற முற்பகலில் வைத்துக்கொண்டு, துணி மடிப்பது, நோட்டுக்கு அட்டை போடுவது மாதிரியான வேலைகளைச் சாயந்திரத்துக்குத் தள்ளலாம்.

சரி, ஞாயிற்றுக்கிழமை. மொடாஃபினிலை ஒரு நாள் விட்டால் உடம்புக்கு ஆபத்தாக எதுவும் ஆகாது, தூக்கம் திரும்ப வரும். சில டாக்டர்களே வாரத்தில் ஒரு நாள் விடச் சொல்வதுண்டு. என் அபிப்பிராயம் கேட்டால், படிக்கிற பிள்ளைக்கு அது நல்லதில்லை. ஞாயிறு முழுதும் தூங்குவாள், ராத்திரி தூக்கம் வராது, திங்கட்கிழமைக் காலை பாழாகும். அதைவிட, காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கவிட்டு மாத்திரையைப் போடலாம். விடுமுறையில் அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். அடிமையாவது பற்றி அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: மொடாஃபினிலில் அந்தப் பயம் குறைவு, மூளையில் இல்லாமல் போன ஒன்றுக்கு ஈடாகத்தான் இதைக் கொடுக்கிறார்கள். சர்க்கரை நோய்க்காரர் இன்சுலின் போடுவதை யாரும் அடிமைத்தனம் என்று சொல்வதில்லை.

வென்லாஃபாக்ஸினை மட்டும் ஒரு நாளும் விடக் கூடாது. இதை அழுத்தமாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் வீட்டில் பலரும் இதைத்தான் 'கூடுதல் மாத்திரை' என்று நினைத்து முதலில் நிறுத்துகிறார்கள். மனச்சோர்வுக்கான மருந்து என்று அட்டையில் படித்துவிட்டு, "எங்க பிள்ளைக்கு மனசுல ஒண்ணும் இல்லையே, இது எதுக்கு" என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. இங்கே அது கேட்டப்லெக்ஸிக்காக. சிரிப்போ, கோபமோ, திடீர் சந்தோஷமோ வந்தால் முழங்கால் மடங்கி, தாடை தொங்கி, கை தளர்ந்துவிடுகிறதே, அதற்குக் கொடுப்பது. திடீரென்று நிறுத்தினால் அடக்கிவைத்திருந்த அந்தத் துவளல் முன்பைவிட மோசமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, மணிக்கணக்கில்கூட வரலாம். அதோடு தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோன்ற உணர்வும் வரும். மாற்றவேண்டும் என்றால் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். மெதுவாகக் கரையும் கேப்சூலாக இருந்தால் அதைப் பிரித்துப் பொடியாக்கியோ மென்றோ சாப்பிடக் கூடாது.

ஒரு நாள் மறந்துபோனால் என்ன செய்வது என்றும் இப்போதே பேசி வையுங்கள். மொடாஃபினில் மறந்தது மதியத்துக்கு முன்பே ஞாபகம் வந்தால் போடலாம், பிற்பகலில் ஞாபகம் வந்தால் அன்றைக்கு விட்டுவிடுவது நல்லது. வென்லாஃபாக்ஸின் அன்றைக்கே ஞாபகம் வந்தால் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அந்த வேளைக்கு உரியது மட்டும். எதையும் மறுநாள் இரட்டிப்பாகப் போடவே கூடாது. கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி எங்கள் கடைகளில் கிடைக்கும். போட்டோமா இல்லையா என்கிற சந்தேகத்தையே அது தீர்த்துவிடும். தூக்கக் கலக்கத்தில் செய்த காரியம் நினைவில் நிற்காமல் போவது இந்த நோயின் இயல்பு. அதனால் மனதை நம்பாமல் பெட்டியை நம்புங்கள்.

இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு வென்லாஃபாக்ஸின் தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் மனநிலையைக் கவனிக்கவேண்டும். இதை யாரும் சொல்லியிருக்கிறார்களா தெரியாது, அதனால் சொல்கிறேன். வழக்கத்தை மீறிய பதற்றம், எரிச்சல், செத்துவிடலாம் போன்ற பேச்சு வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். மொடாஃபினிலில் அரிதாக வருகிற, ஆனால் பொறுக்கக்கூடாத ஒன்று தோல் தடிப்பு. காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோலில் கொப்புளம் என்று எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு. இந்த ஒரு சூழலில் டாக்டரைக் கேட்டுவிட்டு நிறுத்தலாம் என்று காத்திருக்கவேண்டாம். இரண்டு மருந்துமே இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. மாதம் ஒருமுறை மருந்து வாங்க வரும்போது கடையிலேயே பிரஷர் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்டப்லெக்ஸி வந்து அவள் கீழே சரிந்தால் சுற்றி இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள், முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள், வாயைத் திறந்து சோடா ஊற்றுவார்கள். அவளுக்கு நினைவு முழுதாக இருக்கும், சுற்றிப் பேசுவது எல்லாம் கேட்கும், பதில் மட்டும் சொல்ல முடியாது. பெரும்பாலும் சில வினாடியில், அதிகம் போனால் ஒன்றிரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். தலை அடிபடாமல் பிடித்து, சாய்த்து உட்காரவைத்து, பக்கத்தில் இருந்தால் போதும். இதைக் கல்லூரித் தோழிகளுக்கும் வீட்டுக்கு வந்துபோகிற சித்தி, பெரியம்மாவுக்கும் சொல்லி வையுங்கள். அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே "பாவம், இதுக்கு யாரு கழுத்தை நீட்டுவா" என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்களே, அந்தப் பேச்சு அவளுக்குள் எவ்வளவு நாள் நிற்கும்!

கடை சம்பந்தமான விஷயங்களுக்கு வருகிறேன். எல்லா மெடிக்கலிலும் மொடாஃபினில் இருக்காது. ஜங்ஷன், வண்ணார்பேட்டை, ஹைகிரவுண்டு பக்கத்துப் பெரிய கடைகளில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். அம்பாசமுத்திரத்தில் கிடைக்காமல் போகலாம் என்பதால் கையில் ஒரு வாரத்துக்கு மருந்து இருக்கும்போதே அடுத்ததை வாங்குங்கள். தீபாவளி, பொங்கல் விடுமுறைக்கு முன்னால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மொடாஃபினில் இல்லை, ஆர்மொடாஃபினில் இருக்கிறது என்று கடையில் சொன்னால் அப்படியே வாங்கிவிடவேண்டாம். இரண்டும் உறவு மருந்துகள்தான், ஆனால் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் ஒன்றல்ல. ஆர்மொடாஃபினில் 150 மி.கி. ஏறக்குறைய மொடாஃபினில் 200 மி.கி. அளவுக்கு வரும், அது நிற்கிற விதமும் கொஞ்சம் வேறு. டாக்டர் எழுதித் தந்தால் மட்டும் மாற்றுங்கள். பின்னால் என்றாவது விழிப்புக்கான இன்னொரு மருந்தான மெத்தில்ஃபெனிடேட் எழுதினால், அது எக்ஸ் அட்டவணை மருந்து, அதாவது விற்பனைக்குக் கட்டுப்பாடு அதிகம். மருந்துச்சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்கவேண்டும். அதற்கான உரிமம் உள்ள கடைகள் குறைவு. அதனால் டாக்டர் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இந்த மாத்திரையைத் 'தூக்கம் வராம படிக்கிற மாத்திரை' என்று கேட்டு என் கடைக்கு வருகிறார்கள். சீட்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை. உங்கள் தங்கையிடமும் தோழிகள் ஒன்று கேட்பார்கள். ஒன்றே ஒன்றுகூடக் கொடுக்கக் கூடாது. கேட்கிறவளுக்கு இதயத்தில் கோளாறு இருக்கிறதா, வேறு என்ன மருந்து போடுகிறாள் என்று யாருக்குத் தெரியும்? தவிர, உங்கள் தங்கைக்கு மாதக்கடைசியில் ஒரு மாத்திரை குறையும்.

சளிக்கும் இருமலுக்கும் கடையில் கேட்டு வாங்குகிற மாத்திரைதான் இந்த நோய்க்காரர்களை அடிக்கடி கவிழ்க்கிறது. குளோர்ஃபெனிரமின், செட்டிரிசின் போன்றவை தூக்கத்தை இழுத்துவரும். பஸ்ஸில் வாந்தி வராமலிருக்கப் போடுகிற மாத்திரையும் அப்படித்தான். சாதாரண ஆளுக்கு லேசான மயக்கம் என்றால் இவளுக்கு அன்றைய நாளே போய்விடும். வலிக்கு டிரமடால் கலந்த மாத்திரை வென்லாஃபாக்ஸினோடு சேரக் கூடாது. எந்தக் கடையில் எதை வாங்கினாலும், ஏற்கெனவே போடும் இரண்டு மருந்தின் பெயரையும் சொல்லி வாங்கவேண்டும். போனில் அட்டையின் படத்தை வைத்திருந்தால் எளிது. நம் ஊரில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருப்பதால் சித்த மருந்துப் பழக்கம் உள்ள வீடுகள் அதிகம். நரம்புக்கு நல்லது என்று அமுக்கரா சூரணம் கொடுப்பார்கள். அது நல்ல தூக்கத்துக்கும் கொடுக்கப்படுகிற மருந்து. பகலில் விழித்திருக்கப் போராடுகிற பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு டாக்டர்களுக்கும் இரண்டு பக்க மருந்தும் தெரிந்திருக்கட்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் பைக்குள் வைத்த மாத்திரை சூடாகிவிடும். இரண்டு நாளைக்கானது மட்டும் பையில் இருக்கட்டும், மீதி வீட்டில் அடுப்படிக்கு வெளியே நிழலான அலமாரியில்.

ராத்திரி விழிப்பு வருகிற நாட்களைத் தனியாகச் சொல்லவேண்டும். கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டும் சாமியாட்டமும் விடியவிடிய நடக்கும். போகவே கூடாது என்று அடைத்துவைக்கச் சொல்லமாட்டேன். ஊரே கூடுகிற இடத்தில் அவள் மட்டும் வீட்டில் கிடப்பது நோயைவிடக் கொடுமை. மத்தியானம் நன்றாகத் தூங்கவைத்து, ராத்திரி பூஜையைப் பார்க்க அழைத்துப் போய், 11 மணிக்குள் கூட்டிவந்து படுக்கவைக்கலாம். விழித்திருப்பதற்காக ராத்திரியில் கூடுதலாக ஒரு மொடாஃபினில் போடுவது மட்டும் கூடாது. அடுத்த மூன்று நாளுக்கு எல்லாம் தலைகீழாகிவிடும். மேலப்பாளையத்திலிருந்து என் கடைக்கு வருகிறவர்கள் நோன்புக் காலத்தில் கேட்பார்கள்: பகலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் மாத்திரையை எப்படிப் போடுவது என்று. மொடாஃபினில் நெடுநேரம் நிற்கிற மருந்து என்பதால் ஸஹர் சாப்பாட்டோடு (விடியலுக்கு முன் சாப்பிடுவது) ஒரே வேளையாகப் போட்டுக்கொள்வது நடக்கக்கூடியதுதான். மதிய வேளை மருந்து உள்ளவர்கள் நோன்பு தொடங்குவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து நேரத்தை மாற்றி எழுதி வாங்கிவிடவேண்டும். ஸஹருக்கு எழுவதால் உடைகிற தூக்கத்தை ஈடுகட்ட, தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்ததும் நேரே படுக்கை, லுஹர் என்ற மதியத் தொழுகைக்குப் பிறகு 20 நிமிடம் என்று வைத்துக்கொள்கிறவர்கள் சமாளித்துவிடுகிறார்கள்.

வண்டி ஓட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 21 வயதில் ஸ்கூட்டி ஆசை இருக்கும். தூக்கமும் துவளலும் மருந்தில் நன்றாக அடங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்கிறவரை வேண்டாம். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-ல், திடீரென்று நினைவு தப்புவதோ தலைசுற்றலோ உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு உண்மையைச் சொல்லவேண்டும். படித்துறையில் குளிக்கும்போது இன்னும் கவனம். ஆற்றில் தோழிகளோடு சிரித்துக்கொண்டிருக்கும்போதே துவளல் வந்தால் முழங்கால் தண்ணீரும் ஆபத்துதான். கூட ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். மாத்திரை இறங்கிய சாயந்திரத்தில் தனியாக எண்ணெய்ச்சட்டி முன் நிற்பதும் வேண்டாம். பீடி சுற்றுகிற பெண் ஒருவர், சுளகை மடியில் வைத்தபடியே கத்தரியோடு தூங்கிவிடுவதாகச் சொன்னார். இலை வெட்டுகிற வேலையை மாத்திரை நிற்கிற காலை நேரத்துக்கு மாற்றி, சாயந்திரம் சுற்றுவதும் கட்டுவதும் மட்டும் என்று வைத்துக்கொண்டார். அந்த யோசனையை அவர் தானாகவே கண்டுபிடித்தார். நோயோடு வாழ்கிறவர்களிடம் இந்த மாதிரி யோசனை நிறைய இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணன்காரரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் இதைச் சொல்லியே ஆகவேண்டும், அம்மா மூலமாவது அவளுக்குப் போய்ச்சேரட்டும். மொடாஃபினிலும் ஆர்மொடாஃபினிலும் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். மாலா-டி போன்ற ஹார்மோன் மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. மருந்தை நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை அந்தக் குறைபாடு உண்டு. காப்பர்-டி போன்றவற்றுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. கர்ப்ப காலத்தில் மொடாஃபினில் குழந்தைக்கு நல்லதில்லை என்பதால், குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு முன்பே நரம்பியல் டாக்டரையும் மகப்பேறு டாக்டரையும் சேர்த்துக் கேட்டு மருந்தை ஒழுங்குபடுத்தவேண்டும். கல்யாணப் பேச்சு வரும்போது மாப்பிள்ளை வீட்டில் நோயை மறைக்கவேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். தினமும் காலையில் போடுகிற மாத்திரையை எத்தனை நாள் மறைப்பது? மறைத்துப் போடத் தொடங்கினால் வேளை தவறும், வேளை தவறினால் முதலில் கவிழ்வது அவள்தான்.

அடுத்த முறை டாக்டரிடம் போவதற்கு முன் இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், தானாகத் தூங்கிய நேரம், திட்டமிட்டுத் தூங்கிய நேரம், துவளல் வந்ததா, ராத்திரி எத்தனை முறை விழித்தாள். நீளமாக வேண்டாம், ஒரு நாளுக்கு இரண்டு வரி. எப்வொர்த் அளவுகோல் என்று எட்டுக் கேள்விகள் உள்ள ஒரு தாளும் உண்டு. மொத்தம் 24-க்கு மதிப்பெண், 10-க்கு மேல் போனால் பகல் தூக்கம் அதிகம் என்று பொருள். அதை மாதம் ஒருமுறை நிரப்பிவைத்தால் மருந்து வேலை செய்கிறதா என்பது "பரவாயில்லை டாக்டர்" என்ற ஒற்றைச் சொல்லைவிடத் தெளிவாகத் தெரியும். நோட்டில் 2 மணி 2 மணி என்று வரிசையாக வந்தால், மருந்தைப் பிரித்துக்கொடுப்பது பற்றி அவரே பேசத் தொடங்குவார்.

அப்போது இன்னொன்றும் கேளுங்கள். இரவு முழுதும் தூங்கவைத்துப் பார்க்கிற பரிசோதனையும், மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தூங்கவைத்துப் பார்க்கிற பரிசோதனையும் அவளுக்குச் செய்தார்களா? செய்யாமல் அறிகுறியை வைத்தே மருந்து தொடங்கியிருந்தால், மருந்து போதவில்லை என்கிற இந்த நேரத்தில் அதைப் பற்றிப் பேசலாம். குறட்டையும் மூச்சுத்தடையும் சேர்ந்திருந்தால் மொடாஃபினிலின் அளவை எவ்வளவு ஏற்றினாலும் பகல் தெளியாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிலையத்தில் தூக்கக் கோளாறுகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, நமக்கு ரயிலில் போய்வரக்கூடிய தூரம்தான். ஒன்று மட்டும்: அந்தப் பரிசோதனைக்கு முன் வென்லாஃபாக்ஸினைச் சுமார் இரண்டு வாரம் நிறுத்தச் சொல்வார்கள், அது இருந்தால் முடிவு மாறிவிடும். அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து எப்படிக் குறைப்பது என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அந்த நாட்களில் அவள் கல்லூரிக்கு விடுப்பு போட்டு வீட்டில் யாராவது கூடவே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.